'ஏதோ ஓடுது' என்றால் எத்தனை மார்க்?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ தெரிந்தவர் ஒருவரைப் பார்த்து "எப்படிண்ணே போகுது?" என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "பரவாயில்ல", "ஏதோ ஓடுது", "ரொம்ப டல்லுப்பா". கேட்டவருக்குப் புரிந்துவிடும். சொன்னவரும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இதே கேள்வியை ஒரு மத்திய வங்கி கேட்டால்? அது பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. பதிலை எண்ணாக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பதில்களைக் கூட்டி ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டும். அந்த எண்ணை வட்டி விகிதம் பற்றிப் பேசும் மேஜையில் வைக்க வேண்டும். அப்படியென்றால் "ஏதோ ஓடுது" என்பதற்கு எத்தனை மார்க் போடுவது? கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி வடசென்னையிலேயே நடந்தது.

கேட்காமலே தெரிந்துகொண்ட காலம்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க அன்றைய சென்னை மாகாண அரசிடம் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை. தேவையும் இல்லை என்று நினைத்திருக்கலாம். பதில் தானாகவே வந்தது. 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் தானியக் கலவரங்கள் நடந்தன.

அதே வருடம் ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியிருந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். துறைமுகத்துக்கு மேற்கே பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள்தான் அதன் பலம். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க.வும் உடன் நின்றார். 1921-இல் அந்த ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, துப்பாக்கிச்சூடும் நடந்தது.

ஆக, ஜனங்கள் தங்கள் வாழ்க்கைநிலையைப் பற்றி என்ன உணர்கிறார்கள் என்பதை அரசு தெரிந்துகொண்ட வழி போலீஸ் அறிக்கைதான். அதில் ஒரு பெரிய குறை. பதில் கிடைக்கும்போது எல்லாம் கைமீறிப் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவரின் நிலை அதில் வரவே வராது.

கடனை எண்ணியவர்கள், அரிசியை எண்ணியவர்கள்

அடுத்த கட்டம், உட்கார வைத்துக் கேட்பது. 1929-இல் பிரிட்டிஷ் அரசு ஜே.எச்.விட்லி தலைமையில் தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷனை நியமித்தது. நம்மூர் வி.எஸ்.ஸ்ரீனிவாச சாஸ்திரியும் அதில் உறுப்பினர். 1931-இல் வந்த அதன் அறிக்கை ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னது. பெரும்பாலான தொழில் நகரங்களில் தொழிலாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கடனில் இருந்தன. பலருக்கு அந்தக் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல்.

கமிஷன் "சந்தோஷமாக இருக்கிறீர்களா" என்று கேட்கவில்லை, "எவ்வளவு கடன்" என்று கேட்டது. சொல்லப்போனால் இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முதல் கேள்விக்கும் பாதி பதில்!

பிறகு சென்னையில் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கு எடுக்கப்பட்டது. 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரையிலான வருடத்தை 100 என்று வைத்து, சென்னை நகர வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் உருவானது. உணவு, விறகு மற்றும் விளக்கு, துணி, வீட்டு வாடகை, இதர செலவுகள் என்று ஐந்து பிரிவுகள். அதே கூடைச் சாமானை வாங்க இப்போது எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. வணிகவியல் படிக்கும் எல்லோரும் புள்ளியியல் தாளில் போடும் அதே குறியீட்டெண் கணக்குதான்.

அன்று இது வெறும் பரீட்சைக் கணக்காக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இந்தக் குறியீடு 200-ஐத் தாண்டிவிட்டது. பஞ்சப்படி கேட்டு வழக்குகள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போயின. நாற்பதுகளின் பிற்பகுதியில் சென்னை ஜவுளி ஆலைகளுக்கு ஒரு வாய்பாடு நிலைபெற்றது. குறியீடு 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 அணா பஞ்சப்படி. குறியீடு 300 என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு மேல் 200 புள்ளிகள். 200 பெருக்கல் 3, ஆக 600 அணா. ரூபாய்க்கு 16 அணா வீதம் 37 ரூபாய் 8 அணா. மாதச் சம்பளத்தோடு கையில் வந்து விழும் பணம்.

ஒரு புள்ளி தப்பாகப் போனாலும் 3 அணா போய்விடும். அதனால் தொழிலாளிக்கு அந்த எண்ணோடு சண்டை போட ஒரு காரணம் இருந்தது. "இந்த விலையில் எங்கே அரிசி கிடைக்கிறது?" என்று சங்கம் கேட்க முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுதந்திரத்துக்குப் பிறகு அகில இந்திய அளவில் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு வந்தது. 1960, 1982, 2001, 2016 என்று அடிப்படை வருடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னை அதில் ஒரு மையமாகத் தொடர்கிறது. ஆனால் இந்த எண்கள் எல்லாமே விலையை அளப்பவை. மனதை அளப்பவை இல்லை.

புடாபெஸ்ட்டில் இருந்து வந்த மனிதர்

மனதை அளக்கலாம் என்று துணிந்தவர் ஜார்ஜ் கட்டோனா. 1901-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர், படித்தது உளவியல். ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய நாட்களில் அங்கே இருந்தவர். ஒரு ரொட்டிக்குக் கட்டுக் கட்டாக நோட்டு கொடுத்த காலம் அது. விலைவாசியில் மனித மனதுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது. 1933-இல் அமெரிக்காவுக்குப் போனார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், மக்களிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அமெரிக்க மத்திய வங்கி விரும்பியது. போர் முடிந்தால் மந்தம் வரும் என்று பல பொருளாதார நிபுணர்கள் எதிர்பார்த்த நேரம். 1946-இல் கட்டோனா குழு கணக்கெடுப்பு நடத்தியது. முன்பின் தெரியாதவரிடம் எடுத்தவுடனே "வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டால் யார் சொல்வார்கள்? அதனால் பேச்சைத் தொடங்க "போன வருடத்தைவிட இப்போது உங்கள் நிலைமை எப்படி, அடுத்த வருடம் எப்படி இருக்கும்" என்பது போன்ற கேள்விகள் சேர்ந்தன. கடைசியில் அந்த முன்னுரைக் கேள்விகள்தான் முக்கியமாகிப் போயின. ஜனங்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள், செலவு செய்யத் தயாராக இருந்தார்கள். நிபுணர்கள் பயந்த மாதிரி பெரிய மந்தம் வரவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இதை 1952 முதல் ஒரு குறியீடாகவே வெளியிட்டு வருகிறது. 1966-ஐ 100 என்று வைத்த கணக்கு. மனதின் கணக்கும் ஏட்டுக் கணக்கும் எவ்வளவு விலகும் என்பதற்கு 2022 ஜூன் மாதம் நல்ல உதாரணம். அமெரிக்காவில் வேலையின்மை வெறும் 3.6 சதவீதம். ஆனால் மனநிலைக் குறியீடு 50.0, அதுவரை காணாத தாழ்வு. வேலை இருக்கிறது, ஆனால் பெட்ரோல் விலையும் மளிகை பில்லும் மனதைக் கெடுத்துவிட்டன.

மும்பையில் இருந்து ஐந்து கேள்விகள்

இந்த வழக்கம் இந்தியாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2005-இல் ரிசர்வ் வங்கி, விலைவாசி பற்றிக் குடும்பங்களின் எதிர்பார்ப்பை அறியும் கணக்கெடுப்பைத் தொடங்கியது. 2010 ஜூனில் நுகர்வோர் நம்பிக்கைக் கணக்கெடுப்பு வந்தது. ஆரம்பத்தில் ஆறு நகரங்கள், அவற்றில் சென்னையும் ஒன்று. பிறகு 13 ஆகி, 19 ஆகியிருக்கிறது.

கேட்பது ஐந்து விஷயங்கள். நாட்டின் பொருளாதார நிலைமை, வேலைவாய்ப்பு, விலைவாசி, சொந்த வருமானம், செலவு. ஒவ்வொன்றும் ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட எப்படி, இன்னும் ஒரு வருடத்தில் எப்படி இருக்கும் என்று இரண்டு முறை கேட்பார்கள். முதல் பகுதியில் இருந்து நடப்பு நிலைக் குறியீடு, இரண்டாவதில் இருந்து எதிர்காலக் குறியீடு.

கணக்கு சுலபம். "நன்றாகிவிட்டது" என்றவர்களின் சதவீதத்தில் இருந்து "மோசமாகிவிட்டது" என்றவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். "அப்படியேதான் இருக்கு" என்பவர்கள் கணக்கில் பூஜ்யம். ஐந்து கேள்விகளுக்கும் இப்படிக் கழித்து, சராசரி எடுத்து, 100-ஐக் கூட்டினால் குறியீடு. எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தால் 200. எல்லோரும் நொந்துபோயிருந்தால் 0. நடுவில் இருக்கும் 100தான் எல்லைக்கோடு.

ஆக, "ஏதோ ஓடுது" என்பதற்கு மார்க் பூஜ்யம். அதாவது குறியீட்டில் 100!

இந்தக் கருவி வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தொலைபேசி வழியாகக் கேட்டார்கள். நடப்பு நிலைக் குறியீடு 48.5-க்கு விழுந்தது. அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. எதிர்காலக் குறியீடுகூட 100-க்குக் கீழே 96.4-க்குப் போனது. வேலையின்மை, உற்பத்தி போன்ற புள்ளிவிவரங்கள் வந்து சேர மாதங்கள் ஆகும். ஜனங்களின் மனது உடனே சொல்லிவிட்டது. பிறகு மெல்ல ஏறி 2024 மார்ச்சில் 98.5-ஐத் தொட்டது. 2019-இன் நடுப்பகுதிக்குப் பிறகு அதுதான் உச்சம்.

ஒரு தண்டையார்பேட்டைக் குடும்பம்

இனி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. கணவருக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. கணக்கெடுப்பு நடத்துபவர் வருகிறார்.

நாட்டு நிலைமை? "அப்படியேதான் இருக்கு." பூஜ்யம். வேலைவாய்ப்பு? "அதே மாதிரிதான்." பூஜ்யம். வருமானம்? "போன வருஷம் என்ன சம்பளமோ அதேதான்." பூஜ்யம். விலைவாசி? "ஏறிடுச்சு, கேக்கவே வேணாம்." இது கெட்ட பதில், மைனஸ் 100. செலவு? "கூடிப்போச்சு. வாடகை, சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸு எல்லாம்." இங்கேதான் விஷயம். செலவு கூடுவது நம்பிக்கையின் அடையாளம் என்பது இந்தக் கணக்கின் வழக்கம். ஆக, பிளஸ் 100.

மைனஸ் 100-ம் பிளஸ் 100-ம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சராசரி பூஜ்யம். குடும்பத்தின் குறியீடு 100.

வருமானம் கூடவில்லை, விலை ஏறியது, செலவு கூடியது. எந்த வணிகவியல் மாணவரிடம் கேட்டாலும் உண்மை வருமானம் குறைந்துவிட்டது என்று சொல்வார். அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார். குறியீடோ, இந்தக் குடும்பம் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது என்கிறது. ரிசர்வ் வங்கிக்கு இது தெரியாமல் இல்லை. அத்தியாவசியச் செலவு, அத்தியாவசியம் அல்லாத செலவு என்று பிரித்துக் கேட்டுத் தனி அட்டவணையும் தருகிறது. ஆனால் செய்தித்தாளின் தலைப்பில் வருவது அட்டவணை இல்லை, ஒரே ஒரு எண்.

முகத்துவாரத்தில் 2023 டிசம்பர்

இன்னொரு சிக்கல் "ஒரு வருடத்துக்கு முன்பு" என்ற ஒப்பீட்டில் இருக்கிறது. அதில் நன்மையும் உண்டு. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் கேட்டால் கையில் காசு இல்லைதான். ஆனால் போன மே மாதமும் தடைக்காலம்தான். ஆக, பருவத்தால் வரும் ஏற்ற இறக்கம் கழிந்துவிடும், கணக்கு சுத்தமாக இருக்கும்.

ஆனால் நிலைமை ஒரே வருடத்தில் கெடாமல் முப்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுவந்தால்? எண்ணூர் அப்படிப்பட்ட இடம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், சாம்பல் குழாய்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001-இல் எண்ணூர் துறைமுகம். ஆற்றில் இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் பாடு வருடா வருடம் கொஞ்சம் சுருங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் "போன வருஷத்தைவிட எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "எப்பவும் போலத்தான்." மறுபடியும் 100.

பிறகு ஒரேயடியாக அடியும் விழுந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் இருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

இது நடந்து மூன்றே மாதத்தில், அதாவது 2024 மார்ச்சில்தான் நடப்பு நிலைக் குறியீடு 98.5 என்ற உச்சத்துக்குப் போனது. இரண்டும் உண்மை. 19 நகரங்களின் சராசரியில் எண்ணூரின் சில ஆயிரம் குடும்பங்கள் எங்கே தெரியப் போகின்றன? சென்னை என்று தனியாகப் பிரித்தாலும் அடையாறும் அண்ணா நகரும் எண்ணூரும் ஒரே பெயரில்தான் வரும்.

பழகிப் போனவர்களின் பதில்

அமர்த்தியா சென் பல இடங்களில் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் நடந்தது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நிலை எப்படி என்று கேட்டார்கள். ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான்.

விதவைகள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றா அர்த்தம்? அந்தக் காலத்து விதவையின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குறை சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாக நினைப்பவர்தான் குறை சொல்கிறார். பழகிப் போனவர் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். மனதைக் கேட்டு எண்ணாக்கும் எல்லா முறைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஒப்பீடு இல்லாமல் நேரடியாக நிலையைக் கேட்கும் முறையும் இருக்கிறது. ஹாட்லி கான்ட்ரில் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய ஏணி அது. 0 முதல் 10 வரை படிகள். உச்சியில் உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடியில் மிக மோசமானது, நீங்கள் எந்தப் படியில்? 2012 முதல் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்த ஏணியைத்தான் நம்பியிருக்கிறது. 2024 அறிக்கையில் இந்தியாவுக்கு 126-ஆம் இடம். ஏணிக் கேள்வி "எப்பவும் போலத்தான்" என்று தப்பிக்க விடாது, அந்த வகையில் நல்லது. ஆனால் பழகிப் போனவர் ஏணியின் உச்சியையே தாழ்வாகக் கற்பனை செய்துகொண்டால் அதற்கும் மருந்து இல்லை.

யாருக்கு எந்த எண்

இப்போது அந்த 3 அணாவுக்குத் திரும்பலாம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த குறியீடு அவர் மனதைக் கேட்கவில்லை. அரிசி, விறகு, வாடகையை மட்டும் பார்த்தது. ஆனால் அந்த எண் ஏறினால் அவர் சம்பளமும் ஏறியது. உணர்வை அளக்காத எண்தான் அவர் வயிற்றை நிரப்பியது. அந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. எண் மட்டும் இன்றும் அகவிலைப்படியாக நிரந்தர ஊழியர்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணுக்கோ, கழிமுகத்தில் இறால் பிடிப்பவருக்கோ, எம்.சி.ரோட்டில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கோ அகவிலைப்படி கிடையாது. எந்தக் குறியீடு ஏறினாலும் அவர்கள் கைக்குப் பைசா வராது. அவர்கள் குரல் கணக்கில் ஏறக்கூடிய எண் ஒன்று உண்டென்றால் அது இந்த மனநிலைக் குறியீடுதான். அதுவும் அவர்களுடைய "ஏதோ ஓடுது"வுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு நகர்கிறது.

இதற்காகக் கணக்கெடுப்பையே நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் 1918 மாதிரி போலீஸ் அறிக்கைக்குத்தான் திரும்ப வேண்டும். கூடவே இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். "போன வருடத்தைவிட எப்படி" என்பதோடு "பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட எப்படி" என்று ஒன்று. விட்லி கமிஷன் கேட்டது போல "எவ்வளவு கடன், எத்தனை மாதச் சம்பளம்" என்று இன்னொன்று. முதல் கேள்விக்கு "எப்பவும் போலத்தான்" என்று சொல்லித் தப்பிப்பது கொஞ்சம் கஷ்டம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் எண்ணாகவே வரும், யாரும் மார்க் போட்டுத் தர வேண்டியதில்லை.